நூல் பிடிச்ச மாதிரி: ஒரு பழைய போர்ஷவும் அதோட எண்களும்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்களில் ஒரே கேள்வியை நாலைந்து பேர் வேறு வேறு மாதிரி கேட்டிருந்தீங்க. சுருக்கமா சொன்னா இதுதான்: "ப்ரோ, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை ட்ராக்குல ஓட்டுறதுக்கு வீல் அலைன்மெண்ட்டை எப்படி மாத்துவாங்க? எண்ணை மட்டும் சொல்லுங்க, போதும்."

எண்ணைச் சொல்றேன், கடைசியில். ஆனா அந்த "மட்டும்" இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துச்சு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு பழைய கோடில் ஒரு இடத்தில் 37 என்று ஒரு எண் சும்மா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு வரி கமெண்ட்கூட இல்லை. எதுக்கு 37? எனக்குப் புரியலை. அழகா இருக்கட்டும்னு 30 ஆக்கினேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தது. அந்த 37-ஐ எழுதினவர் வேலையை விட்டுப் போய் மூணு வருஷம் ஆகியிருந்தது. எண் இருந்தது, காரணம் அவரோட போயிடுச்சு.

இன்னைக்குச் சொல்லப்போற கார் வரலாறும் கிட்டத்தட்ட அதேதான். ஒரே வித்தியாசம், அங்கே தப்பு நடந்தால் போன் வராது. கார் சுழலும்.

முதல்ல, மூணு வார்த்தை

வீல் அலைன்மெண்ட் என்றால் டயர் கடையில் ஒரு மெஷின் மேல் காரை ஏற்றி, ஸ்கிரீனில் சிவப்பாக இருக்கும் கட்டங்களைப் பச்சையாக மாற்றிக் கொடுப்பாங்க, அவ்வளவுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அந்தக் கட்டங்களில் முக்கியமானவை மூன்று: கேம்பர், டோ, காஸ்டர்.

கேம்பர் என்பது சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது. கூட்டமான பஸ்ஸில் பிடிக்கக் கம்பி கிடைக்கலைன்னா என்ன பண்ணுவோம்? காலை அகட்டி நிற்போம். பாதம் வெளியே, இடுப்பு உள்ளே. முன்னாடி இருந்து பார்த்தால் கால் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். சக்கரம் அப்படி நின்றால் அது நெகடிவ் கேம்பர். பஸ் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கக் காலில்தான் முழு பாரமும் விழும். காரிலும் அப்படித்தான். வளைவில் காரின் உடம்பு வெளிப்பக்கம் சாயும்போது வெளிப்பக்க டயரும் கூடவே சாய்ந்து, அதன் விளிம்பில் ஏறி நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் டயர் தட்டையாகத் தரையில் உட்காரும்.

டோ என்பது மேலே இருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது. பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்ப்பது போல உள்பக்கம் திரும்பியிருந்தால் டோ-இன். வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் டோ-அவுட்.

காஸ்டர் என்பது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிள் ஃபோர்க் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறது இல்லையா? கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக அதுவும் ஒரு காரணம்.

இந்த மூணுக்கும் டிகிரியில் எண் உண்டு. எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அது ஏன் அந்த எண் என்பதைக் காருடன் சேர்த்து அடுத்த ஆளிடம் ஒப்படைப்பதுதான் கஷ்டம்.

15-உம் 26-உம்

1959 அக்டோபர். அமெரிக்காவில் செவர்லே, கோர்வேர் என்ற காரை 1960 மாடலாக அறிமுகம் செய்கிறது. இன்ஜின் பின்னாடி, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர். அமெரிக்கப் பெரிய கம்பெனிகளில் அப்போது யாரும் செய்யாத விஷயம்.

பின்பக்க சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்ஸில் வகை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷ 356 இரண்டிலும் இருந்த அதே அடிப்படை. கோழி இறக்கையை நினைச்சுக்கோங்க. கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மடங்கும், நுனியில் சக்கரம் விறைப்பாக இருக்கும். இறக்கை மேலும் கீழும் ஆடினால் சக்கரத்தின் சாய்வும் கூடவே மாறும். வேகமான வளைவில் காரின் பின்பகுதி எழும்பினால் சக்கரத்தின் அடிப்பாகம் காருக்கு அடியில் மடங்கும். நமக்கு எந்த நேரத்தில் நெகடிவ் கேம்பர் தேவையோ, அந்த நேரத்தில் நேர் எதிராக பாசிடிவ் கேம்பர் வரும். பின் டயரின் பிடி திடீரென்று குறையும்.

இது எல்லாருக்கும் தெரிந்த பிரச்சினைதான். 1954-ல் வந்த மெர்சிடீஸ் 300 எஸ்.எல். காரில் இதே சிக்கல் இருந்தது. 1957-ல் அதன் ரோட்ஸ்டர் வந்தபோது மடங்கும் புள்ளியைத் தாழ்த்திச் சரிசெய்தார்கள். போர்ஷவும் தன் 356 வரிசையின் சூப்பர் 90 மாடலில் பின்பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கூடுதல் பட்டை ஸ்பிரிங் வைத்தது.

செவர்லே என்ன செய்தது? டயர் காற்றை நம்பியது. முன்னாடி 15 பி.எஸ்.ஐ., பின்னாடி 26. முன் டயரில் காற்று குறைவாக இருந்தால் அது வளைவில் சீக்கிரம் வழுக்கும். முன்பக்கம் முதலில் வழுக்கினால் கார் வெளிப்பக்கம் நேராகப் போகப் பார்க்கும். சாதாரண டிரைவர் பயந்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுப்பார், கார் அடங்கும். பின்பக்கம் முதலில் வழுக்கினால் கார் சுழலும், அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். ஆக, அந்த 15-உம் 26-உம் வெறும் காற்று அளவு இல்லை. அந்தக் காரின் பாதுகாப்பில் பெரும்பங்கு அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

இப்போ ஒரு பெட்ரோல் பங்க்கை நினைச்சுப் பாருங்க. கார் வருது. காற்று அடிக்கிறவர் பார்க்கிறார். முன் டயர் தொளதொளன்னு இருக்கு. "சார், முன்னாடி காத்து ரொம்பக் கம்மியா இருக்கு"ன்னு சொல்லி நாலு டயருக்கும் சமமா அடிச்சு அனுப்புறார். அவர் பண்ணினது அவர் தொழிலில் சரியான காரியம். நான் 37-ஐ 30 ஆக்கின மாதிரியே.

1964 மாடலில் முன்பக்கம் ஆன்டி-ரோல் பாரும், பின்பக்கம் குறுக்கே பட்டை ஸ்பிரிங்கும் வந்தன. 1965 மாடலில் ஸ்விங் ஆக்ஸிலே போய், புது பின் சஸ்பென்ஷன் வந்தது. அதே 1965 நவம்பரில்தான் ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகம் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயமே கோர்வேர். அதற்குள் செவர்லே காரைச் சரிசெய்துவிட்டது. ஆனால் முதல் நாலு வருஷத்துக் கார்கள் ரோட்டில்தானே ஓடிக்கொண்டிருந்தன?

நியாயத்துக்கு இதையும் சொல்லணும். 1972-ல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு சோதனை செய்து, அந்த ஆரம்பகாலக் கோர்வேர் அன்றைய மற்ற கார்களைவிட மோசமில்லை என்ற முடிவுக்கு வந்தது. யார் சரி என்ற சண்டை இன்றும் முடியவில்லை. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. என் கேள்வி வேற: உயிர் காக்கிற ஒரு எண்ணைப் புத்தகத்தில் போட்டுவிட்டு, அது ஏன் என்று அதைக் கையாளப்போகிறவரிடம் சொல்லவில்லை என்றால், அந்த எண் எத்தனை நாள் தாங்கும்?

பம்பருக்குள் இரும்பு

இப்போ ஜெர்மனிக்குப் போவோம், ஸ்டுட்கார்ட். 1963 செப்டம்பரில் ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சியில் 356-க்கு அடுத்த காரை போர்ஷ காட்டியது. அப்போது பெயர் 901. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்று இலக்கப் பெயர் எங்களுடையது என்று பெஜோ சொன்னதால் 911 ஆனது. உற்பத்தி 1964-ல் தொடங்கியது.

ஸ்விங் ஆக்ஸில் போய்விட்டது. பின்பக்கம் கோணலாகப் பொருத்தின செமி-ட்ரெயிலிங் ஆர்ம். முன்பக்கம் ஸ்ட்ரட். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் முறுக்குக் கம்பி, அதாவது டார்ஷன் பார். ஆனால் இன்ஜின் மட்டும் அதே இடத்தில், பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி. எடையில் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் பின் சக்கரங்கள் மேல். வீல்பேஸ் 2,211 மில்லிமீட்டர், சின்னது. சக்கர அகலம் வெறும் நாலரை அங்குலம்.

சுத்தியலைக் கைப்பிடி முன்னாடி போகிற மாதிரி தூக்கி எறிஞ்சா என்ன ஆகும்? கனமான பக்கம் முன்னாடி வரப் பார்க்கும். அந்த 911-உம் அப்படித்தான். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே வளைவில் போனால் பின்பக்கம் அமுங்கி நன்றாகப் பிடிக்கும். நடு வளைவில் பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னாடி சாயும், பின் டயரின் பிடி தளரும், அந்தக் கனமான பின்பக்கம் முன்னாடி வரக் கிளம்பும். செமி-ட்ரெயிலிங் ஆர்மின் குணமும் சேர்ந்துகொள்ளும். காலை எடுத்ததும் பின் சக்கரம் பின்னோக்கி இழுபடும், ரப்பர் புஷ் நெளியும், சக்கரம் லேசாக டோ-அவுட் ஆகும். பின்பக்கமே தனியாக ஸ்டீயரிங் பண்ணுகிற மாதிரி.

சாதாரண மனுஷன் பயந்தால் செய்கிற முதல் காரியம் காலை எடுப்பது. அந்தக் காரில் செய்யக்கூடாத முதல் காரியமும் அதுதான்.

போர்ஷவின் சோதனைப் பிரிவில் ஹெல்முத் பொட், பீட்டர் ஃபால்க் போன்ற திறமைசாலிகள் இருந்தார்கள். ஃபால்க் வெறுமனே மேஜையில் உட்கார்ந்த ஆளும் இல்லை. 1965 ஜனவரி மான்டி கார்லோ ராலியில் ஹெர்பர்ட் லிங்கேவோடு அதே 911-ல் போய் ஐந்தாம் இடம் வந்தவர். இப்படிப்பட்டவர்கள் இருந்தும், ஆரம்பத்தில் ரோட்டுக்குப் போன கார்களுக்குக் கிடைத்த தீர்வு என்ன தெரியுமா? முன் பம்பரின் இரண்டு முனைகளுக்குள்ளும் 11 கிலோ வார்ப்பிரும்பு. மொத்தம் 22 கிலோ. நம்ம ஊரில் 25 கிலோ அரிசி மூட்டை தெரியும்ல, கிட்டத்தட்ட அது ஒண்ணு. லேசான ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறோம் என்று பெருமைப்பட்ட கம்பெனி, முன்பக்கம் தரையில் ஊன்றுவதற்காக பம்பருக்குள் இரும்பை ஒளித்து வைத்தது.

புரோகிராமர் பாஷையில் சொன்னா இது ஹாட்ஃபிக்ஸ். ஓடும். ஆனால் வெளியே தெரியாது. பின்னாடி யாராவது ஒரு ஓனர் "இது எதுக்கு இங்கே?"ன்னு அதைக் கழட்டினால், கார் 22 கிலோ லேசாகும், கொஞ்சம் ஆபத்தாகவும் ஆகும்.

சரியான தீர்வு 1969 மாடலில் வந்தது. பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னாடி தள்ளினார்கள். வீல்பேஸ் 2,268. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு சின்ன பேட்டரி, முன்பக்கம் மூலைக்கு ஒன்று. இரும்பு செய்த வேலையை இப்போ ஏற்கனவே தேவையான ஒரு பொருள் செய்தது. 57 மில்லிமீட்டர் என்பது நாலு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் 911 ரசிகர்கள் இன்றைக்கும் "ஷார்ட் வீல்பேஸா, லாங் வீல்பேஸா"ன்னு கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்க.

1972 மாடலில் இன்னொரு முயற்சி. பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி இருந்த இன்ஜின் ஆயில் டேங்கை முன்னாடி நகர்த்தினார்கள், எடைப் பங்கீட்டுக்காக. அதற்கு ஆயில் ஊற்ற வலதுபக்கக் கதவுக்குப் பின்னாடி வெளியே ஒரு சின்ன மூடி. பார்க்க அச்சு அசல் பெட்ரோல் மூடி மாதிரி. பெட்ரோல் பங்க்கில் அதைத் திறந்து பெட்ரோல் ஊற்றிய கதைகள் வந்தன. 1973 மாடலில் டேங்க் பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. அந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. பொறியியல்படி நல்ல யோசனைதான். காரணம் மட்டும் பங்க்கில் நின்றவருக்குப் போய்ச் சேரவில்லை.

இதே காலத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 1968 மான்டி கார்லோ ராலியை விக் எல்ஃபோர்ட் ஜெயித்தது ஒரு 911 டி-யில்தான். காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வரும் என்ற அதே குணத்தை, வளைவுக்குள் காரைத் திருப்பும் கருவியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அது பலம். காரணம் தெரிந்தவர் கையில் கருவி, தெரியாதவர் கையில் கண்ணி.

போர்ஷ கடைசியில் காரணத்தை இரும்புக்குள்ளேயே எழுதியது. 1977-ல் வந்த 928-ல் வைஸாக் ஆக்ஸில் என்ற புது பின் சஸ்பென்ஷன். நடு வளைவில் காலை எடுத்தால் சக்கரம் டோ-அவுட் ஆகாமல், தானாகவே லேசாக டோ-இன் ஆகும்படி அதன் இணைப்புகள் அமைந்திருந்தன. டிரைவர் பயந்தாலும் கார் சுழலாமல் தாங்க முயலும். ஆனால் அது 928. நம்ம 911 அதே செமி-ட்ரெயிலிங் ஆர்மோடு 1993 வரைக்கும் போனது. அந்த வருஷம் வந்த 993 தலைமுறையில்தான் மல்டி-லிங்க் வந்தது. அதாவது அதற்கு முந்தைய ஒவ்வொரு 911-இலும், அந்தப் பயத்தை யார் சமாளிப்பது என்பது அலைன்மெண்ட் செய்கிறவர் கையிலும் ஓட்டுகிறவர் காலிலும்தான்.

இப்போ எண்ணுக்கு வருவோம்

எடுத்துக்காட்டுக்கு 1969-க்கும் 1973-க்கும் இடைப்பட்ட ஒரு 911. சாதாரண ரேடியல் டயர். வருஷத்தில் இரண்டு நாள் ட்ராக். மற்ற நாளில் ஞாயிற்றுக்கிழமை டிரைவ். ட்ராக்குக்கு ட்ரெய்லரில் இல்லை, ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்பி வருவீங்க. கடைசி வாக்கியம்தான் முக்கியம்.

முதல் வேலை அலைன்மெண்ட்டே இல்லை. ஐம்பது வருஷ ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் முனை, வீல் பேரிங் எல்லாவற்றையும் பார்க்கணும். புஷ் செத்துப்போயிருந்தால் மெஷினில் வரும் எண், நிற்கிற காரின் எண். ஓடுகிற காரின் எண் வேற.

இரண்டாவது, இப்போ இருக்கிற எண்களை எழுதி வையுங்க. எதையும் தொடுவதற்கு முன்னாடி. எங்க பாஷையில் முதல் கமிட்.

மூன்றாவது, உயரம். உங்க எடைக்கு சீட்டில் பாரம் வச்சுட்டுத்தான் அளக்கணும், மூணு மூட்டை அரிசி போதும். முன்பக்க உயரத்துக்குத் திருகு இருக்கு. பின்பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பின் டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி. வெளியே எதிர்ப்பக்கம் ஒரு பல் நகர்த்தினால் சுமார் 8.18 டிகிரி. வித்தியாசம் 0.82 டிகிரி. இரண்டு முரட்டு அளவுகளைக் கழித்து ஒரு நுண்ணிய அளவு! பீட்டிலிலும் இதே கணக்குதான். எந்தத் தொடுதிரையும் இல்லாத காலத்து வேலை.

ட்ராக்குக்குன்னு ரொம்பத் தாழ்த்தாதீங்க. தாழ்த்தினால் டை ராட் கோணம் மாறும். அப்புறம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். இதுக்கு பம்ப் ஸ்டீயர்னு பேர். தாழ்த்தியே ஆகணும்னா ஸ்டீயரிங் ராக்கையும் அதற்கேற்ப உயர்த்தணும்.

நான்காவது கேம்பர். அந்தக் கார்களின் ஃபேக்டரி அளவு முன்னாடி 0, பின்னாடி சுமார் −1 டிகிரி. ட்ராக்குக்கும் ரோட்டுக்கும் சேர்த்துப் பலர் வைப்பது முன்னாடி −1-இலிருந்து −1.5 வரை, பின்னாடி −1.5-இலிருந்து −2 வரை. முன்னாடி ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்தியும், பின்னாடி ஆர்மில் இருக்கும் எக்சென்ட்ரிக் போல்ட்டைத் திருப்பியும் மாற்றலாம். காரணத்தையும் சேர்த்து எழுதிக்கோங்க: பின்னாடி எப்பவும் முன்னாடியைவிடக் கொஞ்சம் கூடுதல் நெகடிவ். ஏன்னா பாரம் பின்னாடி, வளைவில் கடைசி வரைக்கும் பிடிக்க வேண்டியது அதுதான்.

காஸ்டர் ஃபேக்டரி அளவான 6 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும். இடதும் வலதும் ஒண்ணா இருந்தா போதும்.

கடைசியாக டோ. கேம்பரை மாற்றினால் டோ கலையும், அதனால் இது எப்பவும் கடைசி. முன்னாடி பூஜ்யம் அல்லது துளி டோ-இன். பின்னாடி பக்கத்துக்கு 10 நிமிஷம் டோ-இன். நிமிஷம்னா டிகிரியில் அறுபதில் ஒன்று. 400 மில்லிமீட்டர் அகலத்தில் இது வெறும் 1.2 மில்லிமீட்டர். அது சின்னதுன்னு நினைக்காதீங்க. 10 நிமிஷம் திரும்பிய டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 3 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. கேம்பரைவிட டோதான் டயரைச் சீக்கிரம் தின்னும்.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் முன்னாடி டோ-அவுட் வைப்பாங்க. வளைவுக்குள் கார் சட்டென்று திரும்பும். அதைக் காப்பி அடிக்காதீங்க. அவங்க காரை ட்ரெய்லரில் வீட்டுக்கு அனுப்புறாங்க. நீங்க நாள் முழுக்க ஓட்டிக் களைச்சுப்போய், சாயங்காலம் மழையில், லாரி தடம் பதிஞ்ச ஹைவேயில் அதே காரில் வரணும். டோ-அவுட் வச்ச கார் ஒவ்வொரு தடத்தையும் பிடிச்சுக்கிட்டு அலையும்.

பின்னாடி வைக்கிற அந்தத் துளி டோ-இன்னின் காரணம் இப்போ உங்களுக்கே தெரியும். காலை எடுத்தால் புஷ் நெளிந்து டோ-அவுட் பக்கம் போகும்னு சொன்னேன் இல்லையா? அதற்கு முன்கூட்டியே கொடுக்கிற முன்பணம் அது. 928 தானாகச் செய்ததை நாம கையால் கொஞ்சம் செய்து வைக்கிறோம். "பின்னாடி டோ பூஜ்யம் வச்சா கார் இன்னும் கூர்மையா இருக்கும்"னு யாராவது சொன்னால், அது உண்மைதான். அந்தக் கூர்மை யாரை வெட்டும்னு மட்டும் கேட்டுக்கோங்க.

ட்ராக்கில் சரிபார்க்கச் செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. டயர் ஓரத்தில், பக்கவாட்டுக்குத் திரும்பும் இடத்தில், சாக்பீஸால் கோடு போட்டுட்டு நாலு ரவுண்டு ஓட்டுங்க. கோடு ரொம்ப உள்ளே வரைக்கும் அழிஞ்சிருந்தால் டயர் விளிம்பில் உருளுது. காற்றோ கேம்பரோ போதலை. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

நூல்

இதையெல்லாம் அளக்கப் பெரிய மெஷின் வேணுமா? கண்டிப்பா வேணும்னு இல்லை. ரேஸ் டீம்கள் இன்றைக்கும் செய்கிற முறை: காரின் இரண்டு பக்கமும், காரின் நடுக்கோட்டுக்கு இணையாக, சக்கர மைய உயரத்தில் ஒரு நூலை இழுத்துக் கட்டுவாங்க. நூலுக்கும் ரிம்மின் முன்விளிம்புக்கும் உள்ள தூரம், நூலுக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரம். வித்தியாசம்தான் டோ. கேம்பருக்கு ஒரு தூக்குக்குண்டு போதும். 400 மில்லிமீட்டர் உயரத்தில் ரிம்மின் மேல்பக்கம் 7 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால், அது 1 டிகிரி.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது செய்வது இதேதான். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு"ன்னு நாம சாதாரணமா சொல்ற வார்த்தைக்கு, ஒரு ரேஸ் கராஜில் நேரடி அர்த்தம் இருக்கு. நூல் பிடிக்கிறதில் எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அது பச்சை, சிவப்புன்னு தீர்ப்பு சொல்லாது. எவ்வளவு தள்ளியிருக்குன்னு மட்டும் காட்டும். அது சரியா தப்பான்னு நீங்கதான் யோசிக்கணும், அதாவது காரணம் உங்ககிட்ட இருந்தாகணும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க கார் போர்ஷவா இருக்கணும்னு இல்லை. என்னோடது ஒரு பழைய ஹேட்ச்பேக்தான். எந்தக் காரா இருந்தாலும் அலைன்மெண்ட் பண்ணின பிரிண்ட்-அவுட்டைத் தூக்கிப் போடாதீங்க. அதன் பின்பக்கத்தில் நாலு வரி எழுதுங்க: என்ன மாத்தினீங்க, ஏன், எந்த டயருக்கு, எவ்வளவு காற்றுக்கு. அதை டேஷ்போர்டு பெட்டிக்குள்ள வையுங்க. பத்து வருஷம் கழிச்சு அந்தக் காரை வேற யாரோ வாங்குவாங்க. அவங்க மழையில், ஒரு வளைவில், பயந்து காலை எடுக்கும்போது நீங்க பக்கத்தில் இருக்க மாட்டீங்க. அந்த நாலு வரி இருக்கும்.

எனக்கும் அந்த 37-க்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தா, அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.